கந்தைத் துணியும் கூட்டுழைப்பும்: அலபாமாவின் ஒட்டுப்போர்வைப் பெண்கள் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

வரலாறு என்பது எழுத்தாவணங்களிலிருந்து கட்டியெழுப்பப்படுவது என்ற எண்ணம் வரலாற்று மாணவராகிய எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கல்வெட்டு, செப்பேடு, ஒல்லாந்தர் காலத் தோம்பு, ஆங்கிலேயரின் நிர்வாக அறிக்கை என்பன கிடைக்கும் இடத்தில் எமக்குத் துணிவு பிறக்கின்றது. அவை இல்லாத இடத்தில் நாம் மௌனமாகி விடுகின்றோம். ஆயின் எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள், அவர்களுள்ளும் பெண்கள், தமது வாழ்வைப் பற்றிய சான்றுகளை எங்கே விட்டுச் சென்றனர் என்ற வினா எழும்போது வழமையான மூலங்கள் கைகொடுப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைகளின் வழிவந்த பெண்கள் கந்தைத் துணிகளைக் கொண்டு தைத்த போர்வைகள் இவ்வினாவுக்கு ஒருவகை விடையாக அமைகின்றன. அப்போர்வைகளையும் அவற்றைச் சுற்றி உருவாகிய கூட்டுறவு அமைப்பொன்றையும் பற்றி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆங்கிலத்தில் 'குவில்ற்' எனப்படும் பொருளுக்கு எம்மிடம் வழக்குச் சொல் இல்லை. எமது வெப்பநிலை அதற்கு இடம் தரவில்லை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு படை, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி, இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் நெருக்கமான தையல் என்பவற்றால் ஆனது அது. அதனை இங்கு ஒட்டுப்போர்வை எனக் குறிப்பிடுகின்றோம். பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வழக்கம் வங்காளத்திலும் உண்டு. அங்கு அதனைக் 'காந்தா' என்பர். வடமொழியிலுள்ள 'கந்தா' என்ற அச்சொல்லே தமிழிற் 'கந்தை'யாயிற்று. வங்காளத்தில் ஒரு கலையின் பெயராக நின்ற சொல் எம்மிடம் வறுமையின் பெயராக மட்டும் நின்றுவிட்டது. எனினும் பழைய சேலையை ஏணையாகக் கட்டிப் பிள்ளையை உறங்கவைத்த எமது பாட்டிமாருக்கும் துணியின் இரண்டாவது வாழ்வு பற்றித் தெரியாமலில்லை.

அமெரிக்கக் குடியேற்றச் சமூகத்தில் ஒட்டுப்போர்வை தைத்தல் இரு கட்டங்களாக நடைபெற்றது. துண்டுகளை வெட்டி மேற்படையை இணைப்பது பெரும்பாலும் தனியொரு பெண்ணின் வேலை. வீட்டுவேலையும் வயல்வேலையும் முடிந்தபின், குறிப்பாக மாரிகாலத்தில், அவள் தானே அமர்ந்து அதனைச் செய்தாள். மூன்று படைகளையும் சேர்த்துத் தைப்பதற்கோ பெரிய மரச்சட்டமும் பல கைகளும் தேவைப்பட்டன. ஆகவே அயற்பெண்கள் ஒரு வீட்டிற் கூடிச் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து தைத்தனர். இக்கூட்டத்தையே 'குவில்ற்றிங் பீ' என வழங்கினர். ஒரு வீட்டுக்கு இன்று, மறு வீட்டுக்கு நாளை என்ற கைமாற்று உழைப்பு இது. எமது கிராமங்களில் வேலி அடைப்புக்கும் கூரை வேய்தலுக்கும் ஊரவர் கூடுவதை ஒத்தது. சிறுமியர் ஊசி கோக்கப் பழகியதும், வடிவங்களைக் கண்டு கற்றதும், மூத்தோரிடம் திருத்தம் பெற்றதும் இங்குதான். வகுப்பு என்ற பெயர் இல்லாத வகுப்பு அது.

இவ்விடத்தில் மூலங்கள் பற்றிய ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. அடிமைத்தளையிலிருந்து வடக்கு நோக்கித் தப்பியோடியவர்களுக்கு இரகசியக் குறிகளாகப் போர்வைகள் வேலிகளிலே தொங்கவிடப்பட்டன என்ற கதை, 1999இல் வெளிவந்த ஒரு நூலின் மூலம் பெருவழக்குப் பெற்றது. பாடசாலைகளிலும் அது கற்பிக்கப்பட்டது. ஆயின் அக்காலத்துச் சான்று எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை என வரலாற்றாசிரியர் பலர் மறுத்துள்ளனர். ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை எழுதும் ஆர்வத்திற் கட்டுக்கதையையும் ஏற்றுக்கொள்வது அம்மக்களுக்குச் செய்யும் நன்மையன்று. உண்மையாக நிகழ்ந்தவற்றையும் பிறர் ஐயுற அது வழிவகுக்கும். உண்மையில் நிகழ்ந்தது எதுவெனின், ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹரியற் பவர்ஸ் என்ற பெண் விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டிய ஒரு போர்வையை 1891இல் ஐந்து டொலருக்கு விற்றமையாகும். அவர் கேட்ட விலை பத்து டொலர். குடும்பத்தின் வறுமை காரணமாகவே அவர் இணங்கினார். விற்கும்போது ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் வாங்கியவருக்கு விளக்கினார். வாங்கியவர் அதனை எழுதிவைத்தார். பின்னரும் சில தடவைகள் தம் போர்வையைப் பார்த்துவர அவர் சென்றார். இன்று அது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் உள்ளது. அந்த எழுத்துக் குறிப்பு இல்லாதிருப்பின் தைத்தவரின் கருத்து எமக்குக் கிட்டியிராது.

இனி எமது பிரதான பொருளுக்கு வருவோம். அலபாமா மாநிலத்தின் வில்கொக்ஸ் மாவட்டத்தில் அலபாமா ஆறு ஒரு பெரிய வளைவை உண்டாக்குகின்றது. மூன்று பக்கமும் நீராற் சூழப்பட்ட அந்நிலப்பகுதிக்கு ஜீஸ் பென்ட் என்று பெயர். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கு பருத்தித் தோட்டமொன்றை நிறுவினார். 1845இல் அது மார்க் பெற்வே என்பவரின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டில் அவர் தமது குடும்பத்தோடு இடம்பெயர்ந்தபோது, நூறளவிலான அடிமைகள் வட கரோலினாவிலிருந்து அலபாமா வரை கால்நடையாகவே கொண்டுவரப்பட்டனர். அவர்களின் வழிவந்தோர் பலர் இன்றும் பெற்வே என்ற அடிமையுடைமையாளரின் பெயரையே தமது குடும்பப் பெயராகக் கொண்டுள்ளனர். விடுதலைக்குப் பின்னரும் அவர்கள் அதே மண்ணில் வாரக்குடிகளாகவே வாழ்ந்தனர். விதையும் உணவும் வணிகரிடம் கடனாகப் பெற்று, அறுவடையில் அடைக்கும் முறை நிலவியது. 1920களிற் பருத்தியின் விலை வீழ்ந்தது, கடன் ஏறியது. 1932இல் அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் இறக்கவே, கடனுக்கு ஈடாக அக்குடும்பங்களின் கால்நடைகளும் கருவிகளும் சேமித்த தானியமும் பறித்துச் செல்லப்பட்டன. அம்மாரியைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பங்கீட்டோடே அவர்கள் கடந்தனர்.

1937இல் அரசாங்கத்தின் மீள்குடியேற்ற நிருவாகத்திற்காகப் படம்பிடிக்கச் சென்ற ஆதர் ரொத்ஸ்ரைனின் நிழற்படங்கள் அக்கால வாழ்வைக் காட்டுகின்றன. மரக்குற்றிகளால் ஆன குடிசைகளின் உட்சுவர்களிற் பத்திரிகைத் தாள்கள் ஒட்டப்பட்டுள்ளன. அவை அழகுக்காக ஒட்டப்பட்டவையல்ல. இடுக்குகளினூடே புகும் குளிர்காற்றைத் தடுப்பதற்காக ஒட்டப்பட்டவை. போர்வைகளும் அதே தேவையிலிருந்தே தோன்றின. நைந்துபோன வேலையுடுப்புகள், மாச்சாக்கு, பசளைச்சாக்கு ஆகியன மேற்படையாயின. பருத்திக் கொட்டை நீக்கும் ஆலையின் தரையிற் கூட்டி அள்ளிய கழிவுப் பஞ்சு உள்ளீடாயிற்று. காற்சட்டை முழங்காலின் வெளிறிய பகுதியும், பை கழற்றப்பட்ட இடத்தில் வெயில் படாது தங்கிய கடுநீலமும் அப்போர்வைகளில் அப்படியே தெரிகின்றன. மிசூரி பெற்வே என்ற பெண் 1942இல், இறந்துபோன தம் கணவரின் வேலையுடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைவிலிருத்தவும் அதனைப் போர்த்துக்கொண்டு உறங்கவும் தாய் அதனைச் செய்தார் என்று, அப்போது பதின்பருவத்தினராயிருந்த அவருடைய மகள் பிற்காலத்திற் கூறியுள்ளார். ஒருவரின் உடல் எவ்விடங்களில் தேய்ந்தது என்பதை எந்தத் தோம்பு எழுதிவைத்தது?

ஜீஸ் பென்டின் வரலாற்றில் அரசாங்கத்தின் தலையீடு ஒன்று பின்விளைவு மிக்கதாயிற்று. ரூஸ்வெல்ற்றின் ஆட்சிக் காலத்தில் அத்தோட்டநிலம் அரசினால் வாங்கப்பட்டு, வீடுகளும் பாடசாலையும் கட்டப்பட்டு, 1940களிற் குறைந்த வட்டிக் கடன் மூலம் அக்குடும்பங்களுக்கே விற்கப்பட்டது. தென்பகுதியிற் கறுப்பின விவசாயிகள் தம் சொந்த நிலத்தில் நின்றமை அரிய நிகழ்வு. இதன் பெறுமதி 1960களிலேயே புலனாயிற்று. வில்கொக்ஸ் மாவட்டத்திற் கறுப்பின மக்களே பெரும்பான்மையினர். ஆயினும் 1965இன் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர்தானும் வாக்காளராகப் பதியப்பட்டிருக்கவில்லை. பதிவுக்கு முயன்ற வாரக்குடிகளை நிலவுடைமையாளர் வெளியேற்றினர். ஜீஸ் பென்ட் மக்களை அவ்வாறு வெளியேற்ற இயலவில்லை. வேறொரு வழி கையாளப்பட்டது. மாவட்டத் தலைநகரான கம்டனுக்கு ஆற்றைக் கடந்து செல்லும் படகுச் சேவை, எமது மட்டக்களப்பு வாவியிற் 'பாதை' என வழங்கப்படுவது போன்றது, 1962இல் நிறுத்தப்பட்டது. எதிர்க்கரையில் தெரியும் ஊருக்கு அதன்பின் தரைவழியே ஒரு மணித்தியாலத்துக்கு மேற் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. பதிவு அலுவலகம் அக்கரையிலேயே இருந்தது. 1965 பெப்ரவரியில் மாட்டின் லூதர் கிங் ஜீஸ் பென்டுக்கு வந்து பேசினார். அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

இப்பின்னணியிலேயே 'விடுதலைப் போர்வைத் தையற் கூட்டம்' தோன்றியது. 1965 டிசம்பரில் அம்மாவட்டத்தினூடாகப் பயணஞ்செய்த பிரான்சிஸ் வோல்ரர் என்ற வெள்ளையினப் பாதிரியார், ஒரு குடிசையின் முன்னே துணிக்கொடியிற் காய்ந்துகொண்டிருந்த மூன்று போர்வைகளைக் கண்டார். வீட்டுப் பெண்ணை விசாரிக்க அவர் இறங்கியபோது, அறியாத வெள்ளையன் ஒருவன் வருகிறான் என அஞ்சி அப்பெண் காட்டுக்குள் ஓடிவிட்டார். சிறிய செய்திதான், எனினும் அம்மாவட்டத்தின் அன்றைய நிலையை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் அறிக்கை வேறில்லை. பாதிரியார் பின்னர் போர்வைகளை ஒன்றுக்குப் பத்து டொலர் கொடுத்துச் சேர்த்து நியூயோர்க்கில் ஏலத்தில் விற்க ஒழுங்குசெய்தார். 1966 மார்ச் மாதத்திற் பெண்கள் கூடித் தமது கூட்டுறவை முறைப்படி அமைத்தனர். ஜீஸ் பென்டுக்கு அண்மையிலுள்ள றிஹோபத் என்ற ஊர் அதன் மையமாயிற்று. எஸ்ரெல் விதர்ஸ்பூன் என்ற பெண்மணி நீண்டகாலம் அதன் முகாமையாளராக இருந்து அதனை நடத்தினார். முதலில் வீடுகளிலேயே தைத்தனர். 1969இல் மாட்டின் லூதர் கிங்கின் பெயரால் அமைந்த தையற் கட்டடம் திறக்கப்பட்டது. கூட்டுறவு இருபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் வாங்கியது. வாக்குரிமைப் போராட்டத்தால் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு அதிலிருந்து காணித்துண்டுகள் விற்கப்பட்டன. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையமும் பின்னர் அமைந்தது. ஊசியும் நூலும் நிலமாகவும் வாக்காகவும் மாறிய இந்நிகழ்வை வெறும் கைவினை வரலாற்றினுள் அடக்கிவிட முடியாது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். நகரத்து அலங்காரக்காரரும் வணிக நிலையங்களும் போர்வைகளிற் கொண்ட ஆர்வம் கூட்டுறவுக்கு வாழ்வளித்தது. புளூமிங்டேல்ஸ் போன்ற பெருங்கடைகளின் கட்டளைகள் வந்தன. ஆயின் கட்டளை எனின் ஒரே அளவு, ஒரே நிறவரிசை, ஒரே தையலிடைவெளி. அதுவரை அப்பெண்கள் அளவுகோல் இன்றி, கையிலுள்ள துண்டுக்கேற்ப, கண்ணுக்கு இசைவானபடி தைத்தவர்கள். 'வீட்டுக்கூரை' என்ற ஒரே வடிவத்தை இருவர் தைத்தால் இரண்டும் ஒன்றாக இரா. இப்போது கூட்டுறவிலே முறையான பயிற்சி தேவைப்பட்டது. வார்ப்பின்படி வெட்டவும், கோணல் வந்தால் அவிழ்த்து மீளத் தைக்கவும் கற்றுக்கொண்டனர். அவர்களுள் எல்லோரும் இதனை விரும்பினர் என்பதற்கில்லை. ஆனால் வயலில் வேகும் நாட்கூலியோடு ஒப்பிடுகையில் ஒழுங்கான ஊதியம் பெரிது. தனித்தன்மையை இழந்தனர் என்று தூரத்திலிருந்து இரங்குவது எளிது. ஊதியம் பெறாத தனித்தன்மை அவர்களின் பிள்ளைகளுக்கு உணவாகவில்லை.

1972இல் சியேர்ஸ் என்ற பெருவணிகக் கொம்பனி கோடுறோய்த் துணியிற் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தத்தை வழங்கியபோது நிகழ்ந்தது இன்னும் கவனத்துக்குரியது. பொன்மஞ்சள், செந்துரு, இலைப்பச்சை முதலிய நிறங்களில் தடித்த வரிகொண்ட அத்துணி கட்டுக்கட்டாக வந்தது. உறைகள் அனைத்தும் ஒரே அச்சில் தைக்கப்பட்டு அனுப்பப்பட்டன. வெட்டியபின் எஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுசென்றனர். பகலில் அளவுகோலுக்குக் கட்டுப்பட்ட அதே கைகள், இரவில் அதே துணியின் எச்சத்தைக்கொண்டு தம் விருப்பப்படி போர்வைகளைத் தைத்தன. பிற்காலத்தில் நூதனசாலைகளில் தொங்கவிடப்பட்டு வியக்கப்பட்டவற்றுள் இக்கோடுறோய்ப் போர்வைகளும் அடங்கும். ஒப்பந்தப்படி தைத்த தலையணை உறைகளை எவரும் பேணிவைத்ததாகத் தெரியவில்லை. தொழிற்சாலை உற்பத்தியும் சுயாதீனப் படைப்பும் இருவேறு காலங்களுக்குரியன என்று பாடநூல்களில் நாம் படிக்கின்றோம். ஒரே பெண்ணின் ஒரே நாளில் இரண்டும் நிகழ்ந்துள்ளன.

இதே காலப்பகுதியில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்திடையே ஒட்டுப்போர்வை மறுமலர்ச்சி ஏற்பட்டது. 1971இல் நியூயோர்க் விற்னி நூதனசாலை பழைய போர்வைகளை ஓவியங்களைப்போற் சுவரில் தொங்கவிட்டது. 1976இன் இருநூற்றாண்டு விழா பழம்பெருமையைத் தூண்டியது. நகரங்கள்தோறும் போர்வைத் துணிக்கடைகள் தோன்றின. துணி விற்பதோடு மாலை வகுப்புகளும் நடத்தின. ரெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்ரன் நகரில் அத்தகைய ஒரு கடை 1970களின் நடுப்பகுதியில் தன் வாடிக்கையாளருக்காக நடத்திய சிறு காட்சியே பின்னர் பல்லாயிரவர் கூடும் சர்வதேச விழாவாக வளர்ந்தது. 1979இல் ஜப்பானிய நிறுவனமொன்று அறிமுகஞ்செய்த உருள்கத்தி வெட்டும் வேலையை விரைவாக்கியது. ஒருவர் மாலையில் வேலைமுடிந்து வந்து, கட்டணம் செலுத்தி, மேசையைச் சுற்றி அமர்ந்து, அறிமுகமற்றவருடன் பேசிக்கொண்டு தைக்கிறார். பழைய கூட்டத்தின் வாரிசு இதுதானா?

நண்பர் சிலர் இதனை முற்றாக நிராகரிப்பர். கந்தையிலிருந்து போர்வை உண்டாக்கிய நிலை மாறி, புத்தம்புதுத் துணியை விலைகொடுத்து வாங்கித் துண்டுதுண்டாக வெட்டி மீண்டும் ஒட்டுவது நுகர்வுப் பண்பாட்டின் விசித்திரம் என்பர். அதில் உண்மை உண்டு. ஆயினும் அண்டைவீடு என்ற உறவே அருகிப்போன புறநகர் வாழ்விற் பெண்களுக்கு, கணவரும் பிள்ளைகளும் உடனில்லாத ஓரிடம் அக்கடையின் பின்னறையிலே கிடைத்தது. கைம்பெண்ணும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் இளந்தாயும் ஒரு மேசையில் அமர்ந்தனர். தேவை வேறு, அது தந்த உறவு அத்துணை வேறானதன்று. 1987 ஒக்டோபரில் எயிட்ஸ் நோயால் இறந்தோரின் பெயர்கள் தைக்கப்பட்ட பெரும் போர்வை வாஷிங்டனில் விரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்டது, ஒரு புதைகுழியின் அளவு. கூடித் தைக்கும் அப்பழக்கம் இல்லாதவிடத்து அத்தகைய துக்கத்தைப் பொதுவெளியில் விரிக்கும் வடிவமே கிடைத்திராது. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. கடையின் வகுப்பில் தைத்தவர் தம் போர்வையைத் தம்முடனேயே வைத்துக்கொண்டார்; றிஹோபத்தில் தைத்தவர் அதனை விற்றே வாழ்ந்தார். மறுமலர்ச்சி என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் மூடுவது வர்க்க வேறுபாட்டை மூடுவதாகும்.

2002இல் ஹியூஸ்ரனிலும் அதனைத் தொடர்ந்து விற்னியிலும் ஜீஸ் பென்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. திறனாய்வாளர் அவற்றை நவீன ஓவியத்தின் சிறந்த படைப்புகளோடு ஒப்பிட்டனர். அப்பெண்கள் அவ்வோவியங்களைக் கண்டவரல்லர் என்பதையும் வியப்போடு சேர்த்துக் கூறினர். அவ்வியப்பே ஒருவகை மேட்டிமைதான். 2003இற் பெண்கள் தமக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவினர். போர்வைகளின் விலை ஆயிரக்கணக்கான டொலராக உயர்ந்தது; அவற்றின் வடிவங்கள் கம்பளங்களிலும் வீட்டுப்பொருள்களிலும் அச்சாகின. அந்த வருவாய் யாருக்கு உரியது என்ற வினாவோடு தைத்தவருட் சிலர் 2007இல் நீதிமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டில் வழக்குகள் இணக்கமாக முடிந்தன. பவர்ஸ் கேட்ட பத்து டொலருக்கும் பெற்ற ஐந்து டொலருக்கும் இடையிலிருந்த வினா நூறாண்டு கடந்தும் தீரவில்லை போலும். விடுதலைப் போர்வைத் தையற் கூட்டமோ மலிவான இறக்குமதிகளோடு போட்டியிட இயலாது மெலிந்து, முதியோரும் மறைய, 2012இல் மூடப்பட்டது.

2006 ஆகஸ்டில் ஐக்கிய அமெரிக்க அஞ்சற் சேவை ஜீஸ் பென்ட் போர்வைகளைக் கொண்ட பத்து முத்திரைகளை வெளியிட்டது. ஒன்றின் விலை 39 சதம். அம்முத்திரை ஒட்டிய கடிதங்கள் நாட்டின் எல்லா ஊர்களுக்கும் சென்றன. கம்டனுக்குச் செல்லும் படகு, நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின், அடுத்த மாதமே மீண்டும் ஓடத் தொடங்கியது.